ஷீஷம் ஃபினிஷ்

ஒரு கட்டில் வாங்கினேன். 'இதில் எழுத என்னய்யா இருக்கிறது?' என்று கேட்பவர்கள் இன்னும் ஆன்லைனில் கட்டில் வாங்காத புண்ணியவான்கள். வாங்கியவர்கள் முதல் வரியிலேயே 'உச்' கொட்டியிருப்பார்கள்.

என் மாமனாருக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கட்டில் இருக்கா?" என்பதுதான். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது. தாழ்வான இடத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கட்டில். அதில் என் மனைவி, இரண்டு குழந்தைகள், மீதி இடம் இருந்தால் நான். ஆகவே மாமனாருக்கென்று ஒரு தனிக் கட்டில் வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது.

இங்கே மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் 34 வருஷம் கணக்கு எழுதியவர். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே 'இது வேங்கை, இது அயினி, இது கோங்கு' என்று சொல்லக்கூடியவர். அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கட்டில் வாங்கியது ஏன் என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரணம் ரொம்ப சிம்பிள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விஷயத்திலாவது மாமனாரிடம் 'பரவாயில்லையே மாப்ளே' வாங்கவேண்டும் என்கிற அல்ப ஆசை.

ஆடித் தள்ளுபடி நேரம். 37,499 ரூபாயைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 14,999 என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். 'ஸாலிட் ஷீஷம் வுட் ஸிங்கிள் பெட்.' போட்டோவில் அந்தக் கட்டிலின் மேல் ஒரு வெள்ளைக்கார நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாயே இவ்வளவு நிம்மதியாகத் தூங்கினால் மாமனார் எவ்வளவு தூங்குவார்! அமுக்கினேன். பணம் போயிற்று.

2025 ஜூலை 29-ம் தேதி கட்டில் வந்தது. கட்டிலாக அல்ல, மூன்று அட்டைப் பெட்டிகளாக. பூட்டித் தர 899 ரூபாய் தனி என்றார்கள். 'ஒரு கட்டிலைப் பூட்டத் தெரியாதவன் என்ன ஆம்பளை?' என்று நானே உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தில் படம் படமாகப் போட்டிருந்தது. படத்தில் இருந்த ஆசாமி சிரித்துக்கொண்டே நாலு படத்தில் கட்டிலை முடித்துவிட்டான். எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. முடித்து நிமிர்ந்தால், கையில் மூன்று ஸ்க்ரூ மிச்சம்.

கட்டிலைப் பார்த்தேன். ஆடவில்லை. ஸ்க்ரூவைப் பார்த்தேன். சமையலறையில் மனைவி வரும் சத்தம். மூன்றையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த மூன்று வாரம் அவை என் ஆபீஸ் டிராயருக்குள் இருந்து, டிராயரைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தன.

ஆகஸ்ட் 5-ம் தேதி ஆபரேஷன். 9-ம் தேதி மாமனார் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையால் சட்டத்தை ஒரு தரம் தடவினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15. நாடு சுதந்திரம் அடைந்த அதே நாளில் கட்டிலும் அடைந்தது. இரவு எட்டரை. ஃபிஸியோதெரப்பிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். 'மொடுக்' என்று ஒரு சத்தம். வலது பக்கச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ அப்படியே சோற்றிலிருந்து கறிவேப்பிலை வருகிற மாதிரி வெளியே வந்துவிட்டது. பலகை நாலு அங்குலம் இறங்கியது. மனைவி எப்படித்தான் அங்கே போனாளோ, அப்பாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். நான் கதவருகில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டேதான் இருந்தேன்.

தையல்கூடப் பிரிக்காத கால். பத்து நாள்தான் ஆகியிருந்தது. தரையில் விழுந்திருந்தால்... அதை எழுத வேண்டாம். அன்று ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு அந்த மூன்று ஸ்க்ரூவையும்.

மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்தோம். டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம், வீக்கமோ வலியோ புதிதாக இல்லை என்பதால் பயப்பட வேண்டாம் என்றார். மாமனார் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"பதறாதீய மாப்ளே. எனக்கு ஒண்ணுமில்ல. அந்தத் துண்டை இங்கன குடுங்க" என்றார்.

சட்டத்தில் பெயர்ந்திருந்த சில்லைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பொரபொரவென்று உதிர்ந்தது.

"இது மரம் இல்ல மாப்ளே."

"ஷீஷம்னு போட்டிருந்தான் மாமா..."

"ஷீஷம்னா நம்ம ஈட்டி மரத்துக்குப் பங்காளி. வடக்க உண்டும். இரும்பு கணக்கா இருக்கும். இது மரத்துண்டையும் தூளையும் பசை போட்டு அமுக்குனது. மேல ஒட்டியிருக்கது பேப்பரு. நெச மரத்துல ஸ்க்ரூ போட்டா நாரு அதைக் கவ்விப் பிடிக்கும். இதுல நாரே கெடையாதே, எதைப் பிடிக்கும்? அது சரி, என்ன வெல குடுத்தீய?"

"ஆறாயிரம் மாமா."

"பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

மாமனார் என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். நல்ல மனிதர்.

மறுநாள் சனிக்கிழமை. வாடகைக்கு ஆஸ்பத்திரிச் சாமான் தரும் கடையிலிருந்து ஓர் இரும்புக் கட்டில் வந்து இறங்கியது. மாச வாடகை 1,800, டெபாஸிட் 3,000. "மறுபடியும் அட்மிஷன் ஆனாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மொபைலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரு வீட்டு உபயோகச் சாமான் கம்பெனியில், கஸ்டமர் ரிலேஷன்ஸ் செக்ஷனில். தமிழில் சொன்னால், புகார் கடிதங்களுக்குப் பதில் போடுகிறவன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து இணைப்பிலேயே இருக்கவும்' என்று எங்கள் கம்பெனி ஃபோனில் ஒரு பெண் குரல் சொல்லுமே, அதை இங்கிலீஷிலிருந்து தமிழ்ப்படுத்தியவன் அடியேன்தான். இந்தத் தொழிலில் பதினொரு வருஷம் சர்வீஸ். ஆகவே, 'நம்மகிட்டயா?' என்ற தெம்போடுதான் அந்த வெப்ஸைட்டின் 'ஹெல்ப்' என்பதை அமுக்கினேன்.

வணக்கம் சொன்னது ஒரு மெஷின். அதற்கு ஒரு பெண் பெயர் வேறு.

'கட்டில் உடைந்துவிட்டது' என்று அடித்தேன்.

'மகிழ்ச்சியான செய்தி! உங்கள் கட்டில் ஜூலை 29 அன்று வெற்றிகரமாக டெலிவரி ஆகிவிட்டது. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்றது.

'உடைந்துவிட்டது' என்று மறுபடி அடித்தேன்.

'கட்டில் வாங்கியவர்கள் மெத்தையும் வாங்குகிறார்கள்' என்று ஆறு மெத்தைகளைக் காட்டியது.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பாவம், சின்னப் பையன் குரல். "உங்கள் ஃபீலிங்ஸ் எனக்குப் புரிகிறது ஸார்" என்றான். அதுவும் எங்கள் மேனுவலில் உள்ள வாக்கியம்தான், மூன்றாம் பக்கம். கோபமாகப் பேசும் கஸ்டமருக்கு முதல் முப்பது விநாடிக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டான். டிக்கெட் நம்பர் கொடுத்தான். அரை மணியில் எஸ்.எம்.எஸ். வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது. நன்றி!'

தீர்க்காமலேயே தீர்ந்துவிட்டதாக எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாததல்ல. மாதக் கடைசியில் 'நிலுவை' காலம் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேனேஜர் கூப்பிடுவார். நானே எத்தனையோ தீர்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தது இதுதான் முதல் தடவை.

விடாமல் திரும்பத் திரும்ப ஃபோன் போட்டதில் திங்கட்கிழமை ஒரு டெக்னீஷியன் வந்தார். கையில் ஒரு பசை டியூப். கட்டிலைப் பார்த்ததும் டியூபைப் பைக்குள் வைத்துவிட்டார். "ஸார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இது நிக்காது. ஓட்டை பெரிசாயிட்டா இந்தப் போர்டுல மறுபடி ஸ்க்ரூ ஏறாது" என்றார். மனைவி காபி கலக்க உள்ளே போன சமயம் பார்த்து நான் மெதுவாக, "ஏம்ப்பா, பூட்டும்போது மூணு ஸ்க்ரூ மிச்சமாச்சு..." என்றேன்.

"அது ஸ்பேர் ஸார். எல்லாப் பெட்டியிலயும் போடுவாங்க."

அவருக்குக் காபியோடு இரண்டு பிஸ்கெட்டும் கொடுக்கச் சொன்னேன். இருபது நாள் பாரம்!

ஆனால் அவர் போய் எழுதிய ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். 20-ம் தேதி விற்பனையாளரிடமிருந்து மெயில். (வெப்ஸைட்காரர் வேறு, விற்பனையாளர் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெப்ஸைட்காரரைக் கேட்டால், 'நாங்கள் வெறும் மேடை, நாடகம் போடுகிறவர் வடக்கே இருக்கிறார்' என்கிற ரீதியில் பதில்.) மெயிலில் நான்கு காரணங்கள். ஒன்று, 7 நாள் ரிட்டர்ன் கெடு தாண்டிவிட்டது. இரண்டு, கஸ்டமர் தானே பூட்டிக்கொண்டார். மூன்று, ஈரம் பட்ட அறிகுறி தெரிகிறது. நான்காவதுதான் அருமை: விளம்பரத்தில் 'ஷீஷம்' என்றது மரத்தை அல்ல, நிறத்தை. 'ஷீஷம் ஃபினிஷ்.'

ஓடிப்போய் வெப்ஸைட்டைப் பார்த்தேன். நாய் அதே நாய். தலைப்பு மாறியிருந்தது. 'ஸாலிட் ஷீஷம் வுட்' இருந்த இடத்தில் 'ஷீஷம் ஃபினிஷ் ஸிங்கிள் பெட்' என்று இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்தேனோ? வாங்கும் அவசரத்தில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லையே!

மெயிலின் கடைசி வரி: 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' இது என்னுடைய வாக்கியம்! ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் லீகல் செக்ஷனில் ஒரு பெரியவர் இருக்கிறார். அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். நுகர்வோர் கோர்ட்டுகளில் கம்பெனி சார்பாகப் போய் உட்கார்ந்தே தலைமுடி நரைத்தவர். மறுநாள் டிபன் பாக்ஸோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். நான்கு காரணத்தையும் படித்துவிட்டு, "நாலு காரணம் சொல்றான்னா ஒண்ணுலகூட அவனுக்கே நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம், தம்பி" என்றார். "பில் எங்கே?"

பில்! டெலிவரி ஆன அன்றைக்கே மெயிலில் வந்து கிடந்தது. திறந்தோம். பொருள் விவரம் என்ற கட்டத்தில் அழகாக, திருத்த முடியாமல், 'ஸாலிட் ஷீஷம் வுட் ஸிங்கிள் பெட், 1' என்று அச்சாகியிருந்தது.

பெரியவர் தயிர்சாதத்தை மூடி வைத்தார். இந்த மாதிரி கேஸ் பார்த்தால் அவருக்குப் பசி போய்விடும்.

"தம்பி, கேட்டுக்கோ. 1986-ல வந்த நுகர்வோர் சட்டம் இப்ப கிடையாது. 2019 சட்டம், 2020 ஜூலை 20-லேர்ந்து அமல்ல இருக்கு. அதே ஜூலையில இ-காமர்ஸுக்குன்னே தனியா விதிகளும் வந்தாச்சு. பொருள் குறையுள்ளதா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாட்டியோ, திருப்பி எடுத்துக்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக் கூடாது. அவன் போட்ட ஏழு நாள் கெடு அவன் வெச்சுக்கிட்டது. சட்டத்துக்கு மேல இல்ல."

"வெப்ஸைட்காரன் வெறும் மேடைங்கிறானே ஸார்?"

"மேடைக்காரனும் குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தரை வெச்சே ஆகணும். அவர் பேர், நம்பர், மெயில் எல்லாம் வெப்ஸைட்ல போடணும். புகார் போனா 48 மணி நேரத்துக்குள்ள வந்துதுன்னு சொல்லணும். ஒரு மாசத்துக்குள்ள தீர்வு தரணும். நீ இத்தனை நாள் யார்கிட்ட பேசினே? மெஷின்கிட்ட!"

"கேஸ் போடணும்னா வடக்கே போகணுமா?"

"அது பழைய சட்டத்துல. கம்பெனி இருக்கிற ஊர்ல, இல்லேன்னா விஷயம் நடந்த ஊர்லதான் போடணும். இப்ப நீ குடியிருக்கிற ஊர், வேலை பார்க்கிற ஊர், அங்கேயே மாவட்ட ஆணையத்துல போடலாம். கொடுத்த விலை அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைன்லயே போடலாம், முன்னே இ-தாக்கில்னு ஒண்ணு இருந்தது, 2025 ஜனவரி 1-லேர்ந்து இ-ஜாக்ரிதி. ரெண்டு வருஷம் டைம் இருக்கு. ஆனா அவசரப்படாதே. எதிராளிக்கு நோட்டீஸ் கிடைச்ச நாள்லேர்ந்து மூணு மாசம்னு சட்டம் சொல்லும், நடப்புல இழுக்கும். முதல்ல குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில், விற்பனையாளருக்கும் ஒரு காப்பி. அப்புறம் 1915-க்கு ஒரு ஃபோன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம்."

கடைசியாக அவர் சொன்னதை நான் டிஃபன் பாக்ஸ் மூடியில் எழுதி வைத்துக்கொள்ளாத குறை: "திட்டாதே. 'என் மாமனார் விழ இருந்தார், உங்க வீட்ல பெரியவங்க இல்லையா'ன்னெல்லாம் எழுதாதே. தேதி, பில் நம்பர், என்ன சொன்னான், என்ன வந்தது, என்ன வேணும். அவ்வளவுதான். என்ன வேணும்னு எழுத மறந்துடாதே. பாதிப் பேர் அதைத்தான் எழுதறதில்லை. கோபப்பட்ட லெட்டர் எங்களுக்கு ரொம்ப சௌகரியம் தம்பி, 'வருந்துகிறோம்'னு ஒரு வரியில முடிச்சிடலாம். கணக்கா எழுதினவனுக்குத்தான் பதில் எழுத முடியாம முழிப்போம்."

பதினொரு வருஷமாகப் பதில் எழுதுகிற எனக்குத் தெரியாதா இது? தெரியும். ஆனால் கையிலிருந்த முதல் டிராஃப்டில் 'மனிதாபிமானம் இருக்கிறதா?' என்பது மூன்று இடத்தில் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். 'ஈரம் பட்டது' என்ற குற்றச்சாட்டுக்கு என்ன பதில் எழுதுவது? இந்த இடத்தில் மாமனார் உள்ளே வந்தார். வாக்கர் பிடித்துக்கொண்டு, டக் டக்கென்று.

"அவன் என்ன சொல்லுதான், தண்ணி பட்டு உப்பிடுச்சுங்கானா? சரி. ரெண்டு டம்ளர்ல தண்ணி எடுங்க."

ஒன்றில் கட்டில் சில்லைப் போட்டார். இன்னொன்றில், சின்ன வயதில் என் மனைவி பல்லாங்குழி ஆடிய பழைய பலகையிலிருந்து பெயர்ந்த ஒரு மரத்துண்டு. ஊரிலிருந்து வந்தது. இரவு ஒன்பதரைக்கு மனைவி மொபைலில் படம் பிடித்தாள். காலை ஆறு மணிக்கு மறுபடி பிடித்தாள். பல்லாங்குழித் துண்டு அப்படியே இருந்தது. கட்டில் சில்லு ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பி, ஓரமெல்லாம் பிரிந்து, டம்ளர் அடியில் தூளாகப் படிந்திருந்தது.

"கட்டில்ல உடைஞ்ச இடம் இப்படியா இருக்கு? காய்ஞ்சு, ஓரம் கூர்மையா இருக்கு. தண்ணி பட்டிருந்தா இப்படில்லா ஆகியிருக்கணும்?" என்றார் மாமனார். "இதையும் சேத்து அனுப்புங்க."

உடைந்த இடத்தின் போட்டோ, இரண்டு டம்ளர் போட்டோ, பில், டெக்னீஷியன் வந்த தேதி. பன்னிரண்டு வரி மெயில். 'முழுப் பணம் 14,999, உங்கள் செலவில் எடுத்துப் போவது, இரும்புக் கட்டில் வாடகை 1,800.' குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரியைக் கண்டுபிடிக்கத்தான் அரை மணி ஆயிற்று. வெப்ஸைட்டின் அடியில், எறும்பு எழுதியது மாதிரி இருந்தது. 22-ம் தேதி காலை மெயில் போயிற்று. அன்றைக்கே 1915-ல் ஓர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்து நம்பர் கொடுத்தார். மறுநாளே 'பெறப்பட்டது' என்று பதில் வந்துவிட்டது. மெஷின் அல்ல, கீழே ஒரு மனிதர் பெயர்!

அப்புறம் பத்து நாள் ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு கட்டில். உடைந்ததைத் தூக்கிப் போடக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்ததால் அது கூடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றது. வருகிறவர்களெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு வந்து, "என்னாச்சு?" என்று கேட்டார்கள். மாமனார் ஒவ்வொருவருக்கும் டம்ளர் போட்டோவைக் காட்டினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது நின்றுவிட்டது என்பதை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள்.

செப்டம்பர் 3-ம் தேதி ஃபோன் வந்தது. "ஸார், உங்களுக்காக ஸ்பெஷலா 1,000 ரூபாய் கூப்பன்" என்றது குரல். வேண்டாம் என்றேன். "கட்டிலை நீங்களே வெச்சுக்குங்க, 3,000 தர்றோம்." எனக்குச் சபலம். மூன்றாயிரம் வந்தமட்டும் லாபம்தானே, தொல்லை விட்டது என்று வாயைத் திறந்தேன். மனைவி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஹலோ, உடைஞ்ச கட்டிலை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? மெயில்ல என்ன கேட்டிருக்கோமோ அது. நம்பர் மூணும் வரிசையா எழுதியிருக்கு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் இன்னிக்கே ஒத்துக்கிட்டா மெயில்ல எழுதி அனுப்புங்க. இல்லேன்னா நாங்க ஆணையத்துல பார்த்துக்கறோம்."

சாயங்காலம் எழுதி அனுப்பிவிட்டார்கள். முழுப் பணம். மூன்றாவது நம்பர், அதாவது வாடகை, கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கூப்பன். 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 ரூபாய் கழிவு, முப்பது நாளைக்குள். வாடகைக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து ஆணையத்தில் கேட்கலாம், ஃபீஸ்கூட இல்லை என்று லீகல் பெரியவர் ஆசைகாட்டினார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. அநேகமாக அவள் சொல்வதுதான் சரி.

6-ம் தேதி கட்டிலை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். "ஒரிஜினல் பேக்கிங் எங்கே ஸார்?" என்றார்கள். மூன்று அட்டைப் பெட்டியும் 140 ரூபாய்க்குப் பழைய பேப்பர் கடைக்குப் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. மெயிலில் அட்டைப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, அப்படியே தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இன்னொரு கால் தானாகக் கழன்று, படியில் உருண்டு, எங்களுக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் பணம் வந்தது.

இப்போது மாமனார் படுத்திருப்பது வேங்கைக் கட்டில். பக்கத்துத் தெருப் பட்டறையில் செய்தது. விலை 22,000. இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தச்சரை வீட்டுக்கு வரவழைத்து, மரத்துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, மோந்து பார்த்து, இரண்டை நிராகரித்து, மூன்றாவதை எடுத்தார். பாலீஷ் போடும்போது தச்சர், "என்ன ஃபினிஷ் வேணும் ஐயா?" என்று கேட்டுவிட்டார். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

இதெல்லாம் முடிந்து ஆபீஸ் டிராயரைத் திறந்தேன், அந்த மூன்று ஸ்க்ரூவைக் குப்பையில் போட. அடியில் ஒரு ஃபைல். அரக்கோணத்திலிருந்து ஓர் அம்மாள். கிரைண்டர் வாங்கி ஐந்தாவது வாரத்தில் கல்லில் விரிசல். இட்லிக் கடை வைத்திருக்கிறாராம். மூன்று கடிதம் போட்டிருந்தார், மூன்றாவது கொஞ்சம் கோபமாக. மேலே என் கையெழுத்தில், 'முறையற்ற பயன்பாடு. வருந்துகிறோம். தீர்க்கப்பட்டது.'

ஃபைலோடு மேனேஜர் அறைக்குப் போனேன். "தீர்ந்த கேஸை எதுக்குய்யா திறக்கறே?" என்றார். "தீரலை ஸார்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "மொதல்ல ஆளை அனுப்பிக் கல்லைப் பாரு" என்றார்.

ஸீட்டுக்கு வந்து அந்த அம்மாளுக்கு ஃபோன் போட்டேன். கம்பெனி பெயரைச் சொன்னேன். பதிலே இல்லை. பின்னால் குக்கர் விசில் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ, அம்மா... கிரைண்டர் விஷயமா பேசறேன். நாளைக்கு வந்து பார்க்க ஆள் அனுப்பறோம்."

"நீ மிஷினா, மனுஷனா?" என்றார்.

"மனுஷன்தாம்மா."

"அப்ப ஒம்பதை அமுக்க வேணாமா?"